தூர் பிரித்து நடுதல்: ஓசூர்ப் பூந்தோட்டங்களின் கிழங்குக் கேள்வி

ஓசூர் வட்டாரத்தில் புதிதாகச் சம்பங்கி வைக்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "கிழங்கு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். பாகலூர்ப் பக்கமோ பேரிகைப் பக்கமோ யாரோ பழைய தோட்டத்தைப் பிடுங்குகிறார்கள் என்று தகவல் வரும். போய்ப் பேசி, மூட்டை பிடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். சொட்டுநீர்க் குழாய் வாங்க நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கும் அதே விவசாயி, கிழங்கு விஷயத்தில் மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அந்த நிலத்தில் என்ன விளையும் என்பதைக் குழாயைவிட அந்த மூட்டைதான் முடிவு செய்கிறது.

ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் பூச்செடிகள் தூர் கட்டிப் பெருகுகின்றன. பெருகப் பெருக நெருக்கடி. நெருக்கடியில் பூ குறைகிறது. அப்போது தூரைத் தோண்டி, பிரித்து, தேர்ந்து, வேறிடத்தில் நட வேண்டும். உலகெங்கும் தோட்டக்காரர்கள் செய்கிற வேலைதான் இது. எந்தச் செடியைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது, எப்போது, எந்தத் தூரிலிருந்து என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளையும் பூக்களை வைத்து இதை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம். தளி, ராயக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி, காவேரிப்பட்டினம் என்று மாவட்டம் முழுக்கப் பூ இருக்கிறது. வெளியுலகம் ஓசூரை அறிவது ரோஜாவால்; பிப்ரவரி 14-க்கு விமானம் ஏறும் ரோஜா. அது ஒட்டுக்கட்டிப் பெருக்கும் செடி என்பதால் இந்தக் கேள்விக்குள் வராது.

தூர் பிரிப்பதற்கு உலகத் தோட்டக்கலை காட்டும் முதல் உதாரணம் ஐரிஸ். வடகோளத்தின் குளிர்நாடுகளில் ஏறக்குறைய 300 இனங்களாகப் பரவிய செடி. நம் நாட்டில் இமயமலைச் சாரலில் பல இனங்கள் இயல்பாக வளர்கின்றன. காஷ்மீரில் கல்லறைகளின் மேல் வெள்ளை ஐரிஸ் நடுவது நெடுநாள் வழக்கம். இஞ்சியைப் போல மண்ணுக்கு மேலாகவே படர்ந்து கிடக்கும் தாடி ஐரிஸ் வகையின் வேர்த்தண்டில், ஒருமுறை பூத்த துண்டு மறுபடி பூப்பதில்லை. அதன் இரு பக்கமும் கிளைக்கும் இளந்துண்டுகள்தான் அடுத்த ஆண்டு பூக்கின்றன. மூன்று நான்கு ஆண்டுகளில் நடுவில் பூத்து ஓய்ந்த கட்டைகள் குவிந்து, பூக்கும் துண்டுகள் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றன. பூப்பருவம் முடிந்த கோடையில் தோண்டி, நடுக்கட்டையை எறிந்துவிட்டு, விளிம்புத் துண்டுகளின் இலையைப் பாதியாகக் கத்தரித்து, முதுகில் வெயில் படும்படி மேலாக நட்டுவிடுகிறார்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகல் வரும்.

இந்தத் தாடி ஐரிஸ் ஓசூருக்கு ஒத்துவராது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மார்கழி இரவில் கம்பளி தேடும் குளிர், பக்கத்துத் தளிக்குக் குட்டி இங்கிலாந்து என்று பெயர் எல்லாம் சரிதான். ஆனாலும் அந்தச் செடி பூக்கக் கேட்பது வாரக்கணக்கில் நீளும் கடுங்குளிர். இலை வளரும், பூ வராது. இணையத்தில் படம் பார்த்து வேர்த்தண்டு வரவழைக்க நினைக்கும் வீட்டுத்தோட்டக்காரர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

அவர்களுக்கு அதே குடும்பத்தில் வேறு செடிகள் உண்டு. புள்ளி போட்ட ஆரஞ்சுப் பூவும், காய் வெடித்தால் நாவற்பழ நிறத்தில் மின்னும் விதைக்கொத்தும் கொண்ட சிறுத்தைப்பூச் செடி வெப்பத்தைத் தாங்கும். நெடுங்காலம் தனிப் பேரினமாக இருந்த அதைத் தாவரவியலாளர்கள் 2005-இல் ஐரிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே ஓசூர் வீட்டு வாசலில் உண்மையான ஐரிஸ் வளர்க்க வழி இருக்கிறது. பெங்களூருத் தோட்டங்களில் நிறையக் காணப்படும் 'நடக்கும் ஐரிஸ்' இன்னும் எளிது. பூத்த காம்பின் நுனியிலேயே கன்று பிடித்து, கனம் தாங்காமல் காம்பு சாய்ந்து, கன்று மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். அதைப் பிரிக்க மனிதர் தேவையே இல்லை. நடைபாதை ஓரங்களில் வரிசையாக வைக்கும் வெள்ளை ஆப்பிரிக்க ஐரிஸ் மட்டும் இடம் மாற்றினால் முரண்டு பிடிக்கும். பிரித்து நட்டால் மீண்டும் பூக்க ஒரு பருவம் காத்திருக்க வேண்டும்.

வயலுக்கு வருவோம். ஐரிஸின் இயல்பை அப்படியே கொண்டது நம் சம்பங்கி. கர்நாடகக்காரர்கள் சுகந்தராஜா என்பார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த செடி. குடும்பத்தால் ஐரிஸுக்கு நெருங்கிய சொந்தமும் இல்லை. ஆனால் கிழங்கு ஒருமுறைதான் பூக்கும் என்ற விதி அங்கும் உண்டு. பூத்த கிழங்கு சுருங்கிப் போகிறது. அதைச் சுற்றிப் பிறந்த கிழங்குகள் அடுத்து பூக்கின்றன. வாழைக்குத் தார் ஒன்று என்பது போலத்தான். இது தெரிந்தால் சம்பங்கித் தோட்டம் ஏன் மூன்றாம் ஆண்டில் சரிகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. முதலாண்டு நட்ட கிழங்கு பூக்கிறது. இரண்டாமாண்டு அதன் குட்டிகள் ஒன்றுசேர்ந்து பூத்து மகசூல் உச்சிக்குப் போகிறது. மூன்றாமாண்டு குட்டிகளின் குட்டிகள் ஒரு சாண் வட்டத்துக்குள் முட்டிமோதி, பருக்க இடமில்லாமல் நெல்லிக்காய் அளவிலேயே நின்றுவிடுகின்றன. தண்டு மெலிகிறது, பூ சிறுக்கிறது, சந்தையில் கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் இறங்குகிறது.

மூன்றாண்டுத் தூர் ஒன்றைக் கடப்பாரை போட்டு நெம்பி, மண்ணை உதறிக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் காகிதம் போன்ற பழுப்புத் தோல் மட்டும் மிச்சமாக, அழுத்தினால் பொதுக்கென்று உள்வாங்கும் பழைய கிழங்கின் கூடு இருக்கும். அதைச் சுற்றிக் கதிர் வடிவில் கெட்டியாகச் சில கிழங்குகள். அவற்றின் இடுக்கில் சுண்டுவிரல் நுனி பருமனில் ஏராளமான பொடிகள். ஆரோக்கியமான தூரில் வேர் வெளிறி வழுவழுப்பாக இருக்கும். வேரில் கேழ்வரகு மணி கோத்தது போல முடிச்சுகள் தட்டுப்பட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்தத் தூரின் கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் நடவுக்கு ஆகாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவாகவே இருக்கிறது. ஜூன், ஜூலையில் நடவு. கிழங்கு 25 முதல் 30 கிராம். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர். எக்டேருக்கு 1,12,000 கிழங்கு. அதாவது ஏக்கருக்கு 45,000, எடையில் ஒரு டன்னுக்கு மேல். தோண்டிய கிழங்கை 30 நாள் ஆறவைத்து, 5,000 பிபிஎம் சைக்கோசெல் கரைசலில் நனைத்து நட வேண்டும். இதில் நம்மவர்கள் தட்டிவிடுவது அந்த 30 நாளைத்தான். காலையில் தோண்டி மாலையில் நடுகிறார்கள். பிரிக்கும்போது பட்ட காயம் காய்வதற்கும், கிழங்கின் உறக்கம் கலைவதற்கும் அந்த ஒரு மாத நிழல் தேவைப்படுகிறது. ஏப்ரலில் தண்ணீரை நிறுத்தி, இலை மஞ்சளானதும் மேயில் தோண்டி, காற்றோட்டமான கொட்டகையில் மெல்லப் பரப்பி வைத்தால் ஜூன் நடவுக்குச் சரியாக இருக்கும். ஓசூருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கனத்த மழை செப்டம்பர், அக்டோபரில். ஜூனில் நட்ட கிழங்கு அதற்குள் வேர்பிடித்து நிமிர்ந்துவிடும். தாமதித்து ஆகஸ்டு கடைசியில் நட்டால் வேர் பிடிக்காத காயக்கிழங்கு ஈரத்தில் கிடந்து அழுகும்.

இரகம் இரண்டாவது விஷயம்தான், என்றாலும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நமக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மெக்சிகன் ஒற்றை இரகத்தையும் அடுக்கு இரகத்தையும் கலந்து அங்கே உருவானது சிருங்கார். சிருங்காரையும் மெக்சிகன் ஒற்றையையும் மறுபடி கலந்து வந்தது பிரஜ்வல். மொட்டில் லேசான இளஞ்சிவப்பும் கனத்த பூவும் பிரஜ்வலின் அடையாளம். உதிரிப்பூ சந்தையில் எடை நிற்பதால் விவசாயிகள் அதையே விரும்புகிறார்கள். வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் தன்மை சிருங்காரில் சொல்லப்படுகிறது. ஆனால் மூட்டையில் வருகிற கிழங்கு எது என்று பார்வையால் சொல்ல எவராலும் ஆகாது. பூத்த பிறகுதான் தெரியும்.

கிழங்குச் சந்தையின் அடிப்படைக் கோளாறு இங்கே தொடங்குகிறது. ஒருவர் தோட்டத்தை எப்போது பிடுங்குகிறார்? பூ நன்றாக வரும் இரண்டாமாண்டில் பிடுங்க எவருக்கும் மனம் வராது. மகசூல் சரிந்து, நூற்புழு ஏறி, இனிமேல் கட்டுப்படியாகாது என்று ஆனபிறகுதான் கடப்பாரையைத் தூக்குகிறார். ஆக, விற்பனைக்கு வருகிற கிழங்கு பெரும்பாலும் நொடித்துப்போன தோட்டத்துக் கிழங்குதான். விற்பவர் மேல் தவறு சொல்ல ஒன்றுமில்லை, அவர் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த மூட்டையோடு அவருடைய தோட்டத்தின் நோயும் மாவட்டத்தின் அடுத்த கோடிக்குப் போய்ச் சேர்கிறது. நூற்புழு தானாக மண்ணில் ஓர் ஆண்டில் நகரும் தூரம் மிகச் சிறிது. அதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது நாம்தான்.

இதற்கு வழி ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. தாய்க்கிழங்குப் பாத்தி என்று ஒரு துண்டைத் தனியாக ஒதுக்கி, நல்ல கிழங்கை நட்டு, உச்சத்தில் இருக்கும் இரண்டாமாண்டிலேயே அதைத் தோண்டிவிட வேண்டும். ஒரு தூரில் நடத் தகுந்த கிழங்கு பத்து தேறும் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு வேண்டிய 45,000 கிழங்குக்கு 4,500 தூர் போதும். 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் அது பத்து சென்ட் நிலம். அந்தப் பத்து சென்டில் பூக்கும்போதே மெலிந்த தூர், வேறு இரகம், நோய்ப்பட்டது எல்லாவற்றுக்கும் குச்சி நட்டு அடையாளம் வைத்து, முதலிலேயே பிடுங்கி எறிந்துவிடலாம். தோண்டிய பிறகு தேர்வது பாதித் தேர்வுதான்; பூவில் தேர்வதே முழுத்தேர்வு. பத்து சென்டின் ஓராண்டுப் பூவை விட்டுக்கொடுப்பது நட்டம் போலத் தோன்றும். ஒரு ஏக்கருக்கு மூன்றாண்டு மகசூலை எதிரே வைத்துப் பார்த்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

புது நடவுக்கு முன் நிலத்துக்கும் ஓய்வு வேண்டும். சம்பங்கி பிடுங்கிய நிலத்தில் உடனே சம்பங்கி நடக் கூடாது. ராயக்கோட்டை, காவேரிப்பட்டினம் பக்கம் ஏற்கனவே ஏராளமாகப் பயிராகும் செண்டுமல்லியை இடையில் ஒரு போகம் வைத்தால் அதன் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவை ஒடுக்கும். விற்கவும் பூ கிடைக்கும். வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் இன்னும் நல்லது. சந்தை தெரிந்த பயிரே மருந்தாகவும் அமைவது இந்த மாவட்டத்தின் பாக்கியம்.

கிளாடியோலஸ் ஐரிஸின் சொந்தக் குடும்பம். அதில் பிரிக்கும் வேலை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. நட்ட கிழங்கு வற்றி, அதன் தலைமேலேயே புதுக்கிழங்கு உட்கார்ந்திருக்கும். அடியில் பட்டாணி அளவில் குட்டிகள் தொங்கும். இங்கே பேராசை ஒன்று கெடுக்கிறது. பூந்தண்டை நீளமாக வெட்டினால் கட்டுக்கு விலை கூடும் என்று இலையோடு சேர்த்து அறுத்துவிடுகிறார்கள். குறைந்தது நான்கு இலையாவது செடியில் நிற்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் அந்த இலை உழைத்தால்தான் புதுக்கிழங்கு பருக்கும். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் முளைப்பு சீராக வரும். அந்த வசதி கைக்கெட்டாத சிறு விவசாயி கிளாடியோலஸைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

சாமந்தியில் பூ முடிந்ததும் செடியை அறுத்துவிட்டால் தூரைச் சுற்றிப் பக்கக்கன்று வெடிக்கும். அதைப் பிரித்து நடுவதுதான் பழைய வழக்கம். நுனிக்கொழுந்தை வெட்டி வேர்பிடிக்க வைத்து நடுவது அதைவிட மேல். வேரோடு பிரித்தால் மண்ணும் வரும், மண்ணோடு வருவதெல்லாம் வரும். கொழுந்தில் அந்தத் தொல்லை குறைவு. நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் இதற்கு மாறிவருகிறார்கள்.

ஜெர்பெராவில்தான் பிரிக்கலாமா என்ற கேள்வி சூடாகக் கேட்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பி நெதர்லாந்தில் இரகமாகி, திசு வளர்ப்புக் கன்றாக நம் பசுமைக்குடில்களுக்கு வந்த பூ. சதுர மீட்டருக்கு ஆறு செடி வைத்தாலே ஏக்கர் குடிலுக்கு 24,000 கன்று. செலவில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். மூன்றாண்டு கழித்துச் செடியைக் கழிக்கும்போது, "ஒரு தூரில் நான்கு தலை இருக்கிறதே, பிரித்து நட்டால் கன்றுக் காசு மிச்சமாயிற்றே" என்று எவருக்கும் தோன்றும். வீட்டுத் தொட்டிக்கு அது நல்ல யோசனை. குடிலுக்குக் கூடாது. சம்பங்கியிலும் ஐரிஸிலும் ஆண்டுதோறும் புதுக்கிழங்கு உருவாகிப் பழையது ஒதுங்குகிறது. ஜெர்பெராவில் அப்படி ஒரு புதுப்பிறப்பு நடப்பதில்லை. தூரின் ஒவ்வொரு தலையும் அதே கிழட்டுக் கட்டையின் துண்டு. மூன்றாண்டு ஈரத்தில் கட்டையைத் தொற்றிய பைட்டோப்தோரா அழுகல் கத்தி வழியாகவே அடுத்த துண்டுக்கும் ஏறும். பிரித்த கன்று ஒரே மட்டமாகவும் வளராது; ஒரே நாளில் ஒரே நீளத்தில் கட்டுக் கட்டாகப் பூ அறுத்து பெங்களூருக்கு அனுப்பும் தொழிலில் அது கட்டுப்படியாகாது. நடவில் மட்டும் ஐரிஸுக்கும் ஜெர்பெராவுக்கும் ஒரே சட்டம்: குருத்துப் பகுதி மண்ணுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே தெரிய வேண்டும். மண்ணணைத்து மூடினால் அழுகல்தான்.

எந்தச் செடியானாலும் பிரித்து நட்ட முதல் வாரங்களில் அதற்கு வேர் இல்லை, காயம் மட்டும் உண்டு. அப்போது பாய்ச்சும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். பெங்களூருவின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாக நுரை தள்ளும் காட்சி ஆண்டுதோறும் செய்தியில் வருகிறது. அந்தப் பாசனத்தில் இருப்பவர்கள் நடவுப் பருவத்துக்கு மட்டுமாவது மழைநீரைக் குட்டையில் சேர்த்து வைத்துக்கொள்வது கிழங்குக்குப் பாதுகாப்பு.

ஆள் கணக்கையும் பேசாமல் இருக்க முடியாது. ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் கிழங்கைத் தோண்டி, பிரித்து, வேர் கத்தரித்து, தரம் பார்த்து, மீண்டும் நடுவது முழுக்கக் கைவேலை. தேர்ந்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அந்தக் கிராமங்களிலிருந்துதான் ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கும், போச்சம்பள்ளி ஓலா ஆலைக்கும் காலை பேருந்து புறப்படுகிறது. மாதச் சம்பளம், நிழல், நிரந்தரம் உள்ள வேலைக்குப் போகும் பெண்களை யாரும் குறை சொல்லக் கூடாது, போவதே நல்லது. ஆனால் தூரில் எது தாய், எது சேய், எது நோய் என்று விரல் நுனியால் அறியும் பழக்கம் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் மிஞ்சியிருக்கிறது. கொஞ்ச நாளில் தரம் பிரிக்காமல் மொத்தமாக நடுவதே முறை என்று ஆகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. இன்னொன்று: சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி நிலம் கைமாறும் வேகத்தில் மூன்றாண்டுக் குத்தகை கேட்டால் கிடைப்பதில்லை. இந்த இடத்தில் கிழங்குப்பயிர் குத்தகைக்காரருக்குத் துணையாக நிற்கிறது. நிலத்தை விட்டுக் கிளம்பச் சொன்னால் ரோஜாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சம்பங்கிக் கிழங்கை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

சட்டம் என்ன செய்கிறது? 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் கிழங்கு, வேர்த்தண்டு, வெட்டுத்துண்டு ஆகியவற்றையும் விதை என்றே ஏற்கிறது. ஆனால் உணவுப் பயிருக்கும் தீவனப் பயிருக்கும் மட்டும். பூக்கிழங்கு அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. அலட்சியத்தின் விலை என்ன என்பதற்கு நீலகிரி இருக்கிறது. அங்கே உருளைக்கிழங்கில் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-இல் கண்டறியப்பட்டது. விதைக்கிழங்கு வெளியே போகாமல் தடைபோட வேண்டியதாயிற்று. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் புழு மலையை விட்டுப் போகவில்லை. உணவுப் பயிர் என்பதால் அதற்குத் தடையாவது வந்தது. சம்பங்கி மூட்டை தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேள்வியின்றிப் போய்வருகிறது.

தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த மலர் மகத்துவ மையம் இருக்கிறது. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எல்லை தாண்டினால் ஹெசரகட்டா. மூன்றும் ஒரு மாவட்டத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வேறு எந்தப் பூ வட்டாரத்துக்கும் எளிதில் வாய்க்காது. இரகம் உறுதியான, நூற்புழு சோதித்த தாய்க்கிழங்கைச் சில ஏக்கரில் பெருக்கி, ஒவ்வோர் ஒன்றியத்திலும் தேர்ந்த சில விவசாயிகளுக்குப் பத்து சென்டுக்கு உண்டான அளவு கொடுத்தால் போதும். மற்றதை அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். பசுமைக்குடிலுக்கும் சொட்டுநீருக்கும் மானியம் கொடுக்கும் தோட்டக்கலைத் துறை, அதில் சிறு பங்கைச் சோதித்த கிழங்குக்கு ஒதுக்க வேண்டும். அது வரும்வரை, வருகிற மேயில் தோட்டம் பிடுங்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூட்டை கட்டுவதற்கு முன் பத்துத் தூரின் வேரைக் கழுவிப் பாருங்கள், முடிச்சு இருந்தால் அந்தக் கிழங்கை விற்காதீர்கள், நடாதீர்கள், வயலிலேயே காயவைத்துக் கொளுத்திவிடுங்கள்.